கஜவதனன் அடித்த ஒரே கோல்

கஜவதனன் ஜெர்மனியில் பத்து வருடம் சம்பளத்துக்கு உதைபந்தாடினான். அந்தப் பத்து வருடத்தில் அவன் காலில் பட்ட பந்து வலைக்குள் போனது ஒரேயொரு தடவை. அதுவும் தன்னுடைய நேர்த்திக்கடனால்தான் போனது என்று அவனுடைய தாய் இராஜேஸ்வரி இன்றைக்கும் அடித்துச் சொல்வார்.

குடும்பம் ஹம் நகரில் இருந்தது. தகப்பன் மகேந்திரராஜாவுக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. இராஜேஸ்வரிக்கு முதியோர் இல்லமொன்றின் சலவைக்கூடத்தில். கஜவதனனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியவர்கள். பிள்ளை பள்ளிக்கூடம் முடித்து, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி ஒன்றை எடுத்து, வங்கியிலோ நகராட்சியிலோ கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருப்பான் என்பது அவர்களுடைய எண்ணம். பிள்ளையோ அரைக் காற்சட்டையோடு வேலைக்குப் போகிற தொழிலைப் பிடித்துக்கொண்டான். பிரீகென்ஃபெல்ட் என்ற சிறிய ஊரின் கழகம் அவனை வலப்பக்கத் தடுப்பாளனாக எடுத்துக்கொண்டது. கழகம் சிறியதுதான், ஆனால் இரண்டாவது பிரிவில் ஆடுகிற கழகம்.

எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்குவதில் கஜவதனன் கெட்டிக்காரன். பிடுங்கிய பந்தை என்ன செய்வது என்பதில்தான் எப்போதும் ஒரு தடுமாற்றம். முழுப் பலத்தையும் போட்டு உதைத்து வெளியே அனுப்பிவிடுவான். மேற்குப் பக்கத்தில் சொசேஜ் விற்கிறவர், அவன் பந்தைத் தொட்டவுடனேயே கடுகுச் சட்டியை மூடிவிடுவார். ஆனாலும் ரசிகர்களுக்கு அவனைப் பிடிக்கும். பெயரை முழுதாகச் சொல்ல முடியாமல் "காயா, காயா" என்று கத்துவார்கள். அதைத் தொலைக்காட்சியில் கேட்ட இராஜேஸ்வரிக்குக் கோபம்.

"என்ர பிள்ளை என்ன பழுக்காத மாங்காயோ?"

தொலைக்காட்சியோடு சரி. மைதானத்துக்கு அவர் போனதே கிடையாது. பிள்ளையை யாராவது காலில் அடித்தால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது என்பார். மகேந்திரராஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்போதும் வேலைமுறை. கடைசியில் 2005ஆம் ஆண்டு, அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு, கஜவதனன் இரண்டு அனுமதிச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கெஞ்சினான். கழகத்துக்கு அந்த ஆட்டத்தில் வெல்லவும் ஒன்றுமில்லை, இழக்கவும் ஒன்றுமில்லை. பார்க்க வருகிறவர்களுக்கும் நெஞ்சு படபடக்கத் தேவையில்லை என்பது அவனுடைய யோசனை.

இராஜேஸ்வரி மெரூன் நிறக் காஞ்சிபுரத்தில் வந்தார். மகேந்திரராஜா கல்யாண வீட்டுக்குப் போடுகிற கோட்டில் வந்தார். உளுந்து வடை ஒரு வாளி, தேநீர் ஒரு போத்தல். பக்கத்து இருக்கையில் கழுத்தைச் சுற்றிப் பச்சைச் சால்வை போட்ட ஒரு முதிய ஜெர்மன்காரர். இராஜேஸ்வரிக்கு இருபுறமும் இருந்த வலைகள் குழப்பமாயிருந்தன. கணவரிடம் கேட்டார்.

"இஞ்சரப்பா, எங்கடை பிள்ளை எந்த வலைக்குள்ளை போட வேணும்?"

மகேந்திரராஜா பக்கத்துக்காரரிடம் ஜெர்மனில் விசாரித்துவிட்டு, இடது பக்கத்து வலையைக் காட்டினார். அது முதற்பாதி. அந்த நேரத்தில் அது சரியான பதில்தான். இராஜேஸ்வரி ஊன்ட்றொப் அம்மன் கோயிலை நினைத்துக்கொண்டு, அந்த வலையைப் பார்த்துக் கைகூப்பினார். "தாயே, இந்த வலைக்குள்ளை என்ர பிள்ளை ஒரு பந்து போட்டுதெண்டால், தேருக்கு வந்து நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பிக்கிறன். பிள்ளை தேரும் இழுப்பான்."

முதற்பாதி கோல் இல்லாமல் முடிந்தது. இடைவேளையில் இராஜேஸ்வரி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மகேந்திரராஜா வடையை முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் பகிர்ந்துகொண்டிருந்தார். ஆட்டக்காரர்கள் உள்ளே போய், திரும்பி வந்து, பக்கம் மாறி நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

ஆட்டம் முடியச் சிறிது நேரம் இருந்தபோது, எதிரணிக்காரன் ஒருவன் ஓரத்திலிருந்து பந்தைக் குறுக்கே அடித்தான். அதை வெளியே அனுப்புவதற்காகக் கஜவதனன் பாய்ந்து காலை நீட்டினான். பந்து அவனுடைய குதிகாலில் பட்டு, மெல்ல எழும்பி, வளைந்து, சொந்தக் கோல்காப்பாளரின் விரல் நுனிகளைத் தாண்டி, வலையின் மேல்மூலைக்குள் போய் அழகாக இறங்கியது. ஒருவன் வாழ்நாள் முழுக்கப் பயின்றாலும் அடிக்க முடியாத கோல் அது.

மைதானம் செத்துப்போன மாதிரி அமைதியானது. அந்த அமைதிக்குள் ஒரேயொரு குரல் எழுந்தது.

"என்ர பிள்ளை! ஐயோ என்ர ராசா! போட்டிட்டான்! போட்டிட்டான்!"

புல்லுக்குள் முகம் புதைத்துக் கிடந்த கஜவதனனுக்கு அந்தக் குரலைத் தெரியாமல் போகுமா? தலையைத் தூக்காமலே கிடந்தான். மேலே இராஜேஸ்வரி இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்துக்கொண்டு துள்ளினார். மகேந்திரராஜா எழுந்து, கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, பச்சைச் சால்வைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் மகன்," என்றார். "தெரியும்," என்றார் அவர், மிகுந்த துக்கத்தோடு. தூரத்து மூலையிலிருந்த எதிரணி ரசிகர்கள் மட்டும் சேலை கட்டிய ஒரு பெண்மணி தங்களுக்காகத் துள்ளுவதைக் கண்டு, அவரை நோக்கிக் கைதட்டிப் பாட்டுப் பாடினார்கள். இராஜேஸ்வரி அவர்களுக்கும் கும்பிடு போட்டார். தொலைக்காட்சிக் கமரா அதையெல்லாம் ஒன்று விடாமல் பிடித்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் காருக்குள் பேச்சைக் கஜவதனன்தான் தொடங்கினான்.

"அம்மா, அது எங்கடை கோல்."

"ஓம் அப்பன், எங்கடை கோல்தானே. அதுதான் நான் துள்ளினனான்."

"அப்பிடி இல்லையம்மா. எங்கடை வலை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுறது. நான் போட்டது அவங்களுக்குத்தான் கணக்கு. நாங்கள் தோத்திட்டம்."

பின் இருக்கையிலிருந்து இராஜேஸ்வரி மெதுவாகக் கேட்டார். "அப்ப நேர்த்தி?"

மகேந்திரராஜா திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்லி நேர்ந்தனீர்?"

"இந்த வலைக்குள்ளை எண்டுதான்."

"அந்த வலைக்குள்ளைதானே போனது?"

"ஓம்."

"பிறகென்ன? உடைக்கத்தான் வேணும்."

டோர்ட்மண்ட் தமிழ்க் கடையிலிருந்து தேங்காய் மூட்டைகள் வந்தன. ஜூன் மாதம் ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் தேர். கஜவதனன் வேட்டியைக் கட்டிக்கொண்டு, தன் சொந்த வலைக்குள் போட்ட கோலுக்காக, வியர்க்க வியர்க்கத் தேங்காய் உடைத்தான். தெரிந்தவர்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். அவன் நிமிர்கிற நேரமெல்லாம் யாராவது ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

உடைத்து முடித்துத் தேர் வடத்தைப் பிடித்தான். வடத்துக்குப் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தவர் பீலெஃபெல்ட் புஷ்பமலர். தாய்க்குத் தெரிந்தவர். கலியாணத்துக்கு ஒரு மகள் இருப்பதால், இளம் ஆண்பிள்ளைகளின் தொழில் விவரங்களைத் திரட்டுவதில் ஈடுபாடு உள்ளவர்.

"தம்பி என்ன செய்யிறீர் இப்ப?"

"பந்தடிக்கிறன் அன்ரி."

"நல்லது, உடம்புக்கு நல்லது. வேலை என்ன?"

"அதுதான் வேலை."

"ஓமோம், பின்னேரத்திலை விளையாடத்தான் வேணும். பகலிலை என்ன செய்யிறீர்?"

"பகலிலையும் அதுதான் அன்ரி," என்று சொல்லக் கஜவதனன் முழுதாகத் திரும்பினான். அந்த நேரம் பார்த்து வடம் முன்னே போனது. உடம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். தொடையின் பின்தசையில் கத்தியால் கீறிய மாதிரி ஒரு வலி. "ஆ!" என்று அலறியபடி வடத்தை விட்டுவிட்டு, ஒற்றைக் காலில் துள்ளத் தொடங்கினான். கண் சொருகி, தலை ஆடி, கைகள் இரண்டும் காற்றில் எதையோ தேடின.

"தம்பிக்கு உரு வந்திட்டுது!" என்று யாரோ சத்தம் போட்டார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருவர் திருநீற்றை நெற்றியில் அப்பினார். இன்னொருவர் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். புஷ்பமலர் சந்தர்ப்பத்தைத் தவறவிடவில்லை. அவன் முன்னால் கைகூப்பி நின்றார்.

"தாயே, என்ர பிள்ளைக்கு எப்பிடி மாப்பிள்ளை வரும்? ஒரு வாக்குச் சொல்லம்மா!"

கஜவதனன் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான். "டொக்டர்! டொக்டர்!"

புஷ்பமலரின் கண் நிறைந்துவிட்டது.

தசை பலமாகக் கிழிந்திருந்தது. மாதக்கணக்கில் ஆட ஏலாது என்று ஸ்கேன் எடுத்தவர்கள் சொன்னார்கள். கழகத்தின் நிர்வாகி அவனையும் பயிற்சியாளர் உடோவையும் தன் அறைக்கு அழைத்தார். ஆட்டக்காரர்கள் ஓய்வு நாளில் பனிச்சறுக்கக் கூடாது, மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது, குதிரை ஏறக் கூடாது என்பது ஒப்பந்தம். தேர் இதில் எதற்குள் வருகிறது என்பதுதான் நிர்வாகிக்குப் பிரச்சினை.

"அது வாகனமா?"

"சக்கரம் இருக்கிறது," என்றான் கஜவதனன்.

"மோட்டார்?"

"இல்லை. நாங்கள்தான் இழுப்போம்."

"எங்கே கொண்டுபோவீர்கள்?"

"ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவருவோம்."

நிர்வாகி பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவருவதற்கு ஏன் இழுக்க வேண்டும்?"

கஜவதனன் இதற்கு ஜெர்மனில் என்ன சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது உடோ குறுக்கிட்டார். உடோ பருத்த மனிதர். திங்கட்கிழமை தவறாமல் ஆட்டக்காரர்களை வரிசையில் நிறுத்தி, "எல்லோரும் ஒரே கயிற்றை ஒரே பக்கமாக இழுக்க வேண்டும்!" என்று பிரசங்கம் செய்கிறவர். ஒற்றுமையைப் பற்றி ஜெர்மன்காரர் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் அது.

"கயிறா?" என்றார் உடோ. "உண்மையான கயிறா?"

"ஓம், இவ்வளவு மொத்தம்," என்று கஜவதனன் கையால் காட்டினான்.

"எல்லோரும் ஒரே பக்கமாக இழுப்பீர்களா?"

"வேறு பக்கம் இழுத்தால் தேர் நகராதே."

உடோ நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இருபது வருடமாக வாயால் சொல்லிக்கொண்டு திரிந்த ஒன்றை, பக்கத்து ஊரில் வருடா வருடம் கையால் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்! "அடுத்த வருடம் எல்லோரும் போகிறோம்," என்றார். நிர்வாகி தலையைப் பிடித்துக்கொண்டார். தேர், ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்று என்பதால் தண்டனை எதுவும் இல்லாமல் போயிற்று.

சிகிச்சைக்கு அவனைப் பீலெஃபெல்டில் ஒரு உடற்பயிற்சிச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார்கள். முதல் நாள் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான். வந்து தொடையில் கை வைத்த பெண் தமிழில் பேசினாள்.

"உங்களைத் தெரியும். எனக்கு டொக்டர் மாப்பிள்ளை பேசிவிட்ட ஆள் நீங்கள்தானே?"

கஜவதனன் திரும்ப முயன்றான். "அசையாதேங்கோ," என்றாள் அவள். புஷ்பமலரின் மகள் தேவமலர். "உங்கடை வாக்கைக் கேட்டதிலையிருந்து அம்மா கிழமைக்கு ஒரு டொக்டரைக் கூட்டிக்கொண்டு வாறா. போன கிழமை ஒரு பல் டொக்டர். அதுக்கு முதல் ஒரு மாட்டு டொக்டர். அந்தாள் என்ர பல்லைத்தான் பாத்தது."

"வலியிலை கத்தினனான். எனக்குத்தான் டொக்டர் தேவைப்பட்டது."

"அது எனக்கு விளங்கினது. அம்மாவுக்கு விளங்கேல்லையே," என்று சொல்லிக்கொண்டே தசையை ஓர் அழுத்து அழுத்தினாள். கஜவதனனுக்கு மறுபடியும் உரு வருகிற மாதிரி இருந்தது.

தேவமலருக்கு உதைபந்தாட்டம் நன்றாகத் தெரியும். அவனுடைய சொந்தக் கோலைப் பல தடவை பார்த்திருந்தாள். குதிகாலை எந்தக் கோணத்தில் வைத்தான் என்று அவனுக்கே விளக்கினாள். அவன் பேச்சுக் கொடுத்தால் சிரித்தாள், சிரித்தால் அழுத்தம் குறைந்தது. அதனால் அவன் நிறையப் பேசினான். தசை ஆறிய பிறகும் டெர்மின் என்று நேரம் குறித்துக்கொண்டு வந்தான். "எந்தக் கால்?" என்று அவள் கேட்க, பிழையான காலைக் காட்டிப் பிடிபட்டான். அதற்குப் பிறகு இருவரும் கோப்பிக் கடையில் சந்தித்தார்கள்.

பெண் கேட்டு இராஜேஸ்வரியும் மகேந்திரராஜாவும் பீலெஃபெல்ட் போனார்கள். கஜவதனனும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனான். புஷ்பமலர் நல்ல மரியாதையோடு பலகாரம் வைத்தார், நல்ல மரியாதையோடு மறுத்தார்.

"தம்பியிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அம்மாள் டொக்டர் எண்டு வாக்குத் தந்தவ."

"அன்ரி, அது நான் சொன்னது!"

"உம்மிலை வந்து அம்மாள் சொன்னவ. உமக்கு அது நினைவிருக்காது தம்பி. உரு வந்த ஆக்களுக்கு நினைவிருக்கிறேல்லை."

அம்மாளின் வாக்கென்றால் அதற்கு மேல் என்ன வாதாடுவது? இராஜேஸ்வரியும் ஓமென்று தலையாட்டினார். பிழையான வலைக்கே நேர்த்தி கழித்த மனுசி அல்லவா? காருக்குள் ஏறிய பிறகு, "நீ கொஞ்சம் யோசிச்சு 'உதைபந்தாட்டம்' எண்டு கத்தியிருக்கலாம்," என்று மட்டும் மகனைக் கடிந்துகொண்டார்.

அடுத்த ஜூனில் உடோ சொன்னபடியே செய்தார். உலகக் கிண்ணத்துக்காக நாடே கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்த கோடைகாலம். விடுமுறைக்குப் போகாமல் அகப்பட்ட ஆட்டக்காரர்களையெல்லாம் ஒரு பேருந்தில் ஏற்றிக்கொண்டு ஊன்ட்றொப்புக்கு வந்து இறங்கினார். மகேந்திரராஜா வேட்டிகளோடு காத்திருந்தார். கோல்காப்பாளர் ஆறரை அடி. அவருக்கு வேட்டி முழங்காலோடு நின்றுவிட்டது. இடுப்பில் நிற்காத வேட்டிகளை மகேந்திரராஜா பாண் தொழிற்சாலையில் மாவு மூட்டை கட்டுகிற லாவகத்தோடு இறுக்கிக் கட்டினார். உடோ சட்டையைக் கழற்றிவிட்டு முன்வரிசையில் வடத்தைப் பிடித்தார். "அரோகரா!" என்று கூட்டம் சொன்னபோது, அவரும் தனக்கு வந்த மாதிரி ஏதோ சொன்னார். தேர் அசைந்ததும் அந்தப் பருத்த மனிதர் குழந்தை மாதிரி அழுதார். "பார்த்தீர்களா? பார்த்தீர்களா?" என்று ஆட்டக்காரர்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

போன வருட அனுபவத்தால் கழகம் தன் மருத்துவரையும் கூடவே அனுப்பியிருந்தது. அறுபது வயது. மூன்றாவது விவாகரத்து அண்மையில்தான் முடிந்திருந்தது. வெயிலில் மொட்டைத் தலை தக்காளியாகிவிட்டது. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, மர நிழலில் இருந்து, மூன்றாவது தட்டுப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தேவமலர் தாயின் கையைப் பிடித்து அந்த மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். கஜவதனன் வடத்தை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினான்.

"அம்மா, இவர் டொக்டர்."

"ஓமோ?"

"போன வருசம் இந்த இடத்திலைதான் அம்மாள் வாக்குச் சொன்னவ. இந்த வருசம் இந்த இடத்துக்கே ஒரு டொக்டரை அனுப்பியிருக்கிறா. கலியாணம் கட்டாமல்தான் இருக்கிறாராம், இப்போதைக்கு. வாக்கு வாக்குத்தானேயம்மா. நான் ஓம் எண்டு சொல்லுறன்."

புஷ்பமலர் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் வாய் நிறையப் பொங்கலோடு அவரைப் பார்த்துக் கையசைத்தார். மீசையில் ஒரு கஜுப் பருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. புஷ்பமலர் திரும்பிக் கஜவதனனைப் பார்த்தார். மறுபடியும் மருத்துவரைப் பார்த்தார். தேர் இருந்த பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"தம்பி காலமையிலையிருந்து இழுத்துக் களைச்சுப்போய் நிக்கிறார்," என்றார். "அவருக்குச் சாப்பாடு குடுத்தாச்சோ, பிள்ளை?"

அந்த வருட முடிவில் கலியாணம் நடந்தது. கழக மருத்துவர் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி முன்வரிசையில் இருந்தார். புஷ்பமலர் அவரைத்தான் முதலில் சாப்பிட அனுப்பினார். அம்மாளின் வாக்கை ஏமாற்றிவிட்டோமோ என்ற பயம்தான்.

கஜவதனன் மேலும் மூன்று பருவம் ஆடினான். 2009இல் முழங்கால் போதும் என்று சொல்லிவிட்டது. கழகம் ஒரு பூச்செண்டும், சட்டம் போட்ட ஒரு படமும் கொடுத்து வழியனுப்பியது. பிறகு பீலெஃபெல்டில் கார் ஓடப் பழக்குகிற வேலையைப் பிடித்தான். அதற்கும் படித்துச் சோதனை எழுதித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அவனிடம் முதலில் வந்து சேர்ந்தவர் யோசபீன் அக்கா. மருத்துவமனையில் தாதியாக இருப்பவர். வேறு இரண்டு இடத்தில் பழகி, இரண்டு இடத்திலும் சோதனையில் கோட்டைவிட்டவர். சுற்றுவட்டம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

"கண்ணைத் திறவுங்கோ அக்கா!"

"திறந்தால் கார் எல்லாம் தெரியுது தம்பி!"

ஒரு குளிர்காலம் முழுவதும் அவரை வைத்து அந்தச் சுற்றுவட்டத்தைச் சுற்றினான். மற்றச் சாரதிகள் அவர்களுக்குக் கையசைக்கத் தொடங்கிவிட்டார்கள். சோதனை நாளன்று சுற்றுவட்டம் வந்தபோது கஜவதனன்தான் கண்ணை மூடிக்கொண்டான். சோதனை அதிகாரி காரிலிருந்து இறங்கி, "சித்தியடைந்துவிட்டீர்கள்" என்று சொல்லி யன்னலால் கைகொடுத்தார். யோசபீன் அக்கா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார்.

கஜவதனன் காரை விட்டுக் குதித்தான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கார்த் தரிப்பிடத்தின் குறுக்கே ஓடினான். மைதானத்தில் பத்து வருடம் ஓடியும் ஒரு தடவைகூட ஓடக் கிடைக்காத ஓட்டம் அது. மூலையை எட்டியதும், கோல் அடித்தவர்கள் செய்கிற மாதிரி, முழங்காலால் சறுக்கினான். அது புல் அல்ல, தார் என்பது சறுக்கத் தொடங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தேவமலர் அன்று பின்னேரம் இரண்டு முழங்காலுக்கும் மருந்து கட்டினாள். சிரிப்பு அடங்காமல் மூன்று தடவை கட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது.